புதன்கிழமைத் துறைமுகம்

பசை இன்னும் காயவில்லை. பச்சை வண்ணம் அடித்த இரட்டைக் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குச் சற்று மேலே அந்த நோட்டீஸ். கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையை ஒட்டிய கிடங்குத் தெருவில், ஒரு புதன்கிழமை பதினோரு மணி வாக்கில் நின்று அதைப் படித்தேன்.

'கட்டட எண் 17. நெடுநாளாக உபயோகத்தில் இல்லை. ஆற்றுப் பக்கச் சுவர் பழுதடைந்துள்ளது. பதினைந்து நாளில் இடிக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் தெரிவிக்கவும்.'

எனக்கு எழுந்த முதல் உணர்ச்சி என்ன தெரியுமா? பெருமை! அந்தக் கட்டடத்துக்குப் பதினேழு என்று எண் கொடுத்தவன் நான்தான். 'உபயோகத்தில் இல்லை' என்பதும் என் வாசகம்தான். மாசச் சம்பளத்துக்குப் படம் வரைகிற ஒருவனுடைய எழுத்தைப் பக்கத்து ஊர் அலுவலகம் எடுத்தாண்டிருக்கிறது என்றால் சும்மாவா? எதிர்க் கடையில் ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

இன்றைக்கு நினைத்தாலும் கன்னம் சுடுகிறது. ஆனால் அந்தச் சூடு இல்லாவிட்டால் இந்த வாரம் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வாய்த்த கிழமை

எழுபதுகளின் நடுவில் நெய்வேலியில் சுரங்க சர்வே பிரிவில் படம் வரைபவனாக இருந்தேன். நிலக்கரி ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஓய்வெடுக்காது. அதனால் எங்கள் விடுமுறையை வாரம் முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தது புதன்.

புதன்கிழமை ஆஃப் வாங்கியவனுக்கு டவுன்ஷிப்பில் ஒரு வேலையும் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். நண்பர்கள் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருந்தால் என் மனைவி கோமதிக்குத் தொந்தரவு.

"சும்மா இருந்துக்கிட்டு டப்பா டப்பாவாத் திறந்து பாக்கதுக்கு, எங்கயாச்சும் ஊர் சுத்திட்டு வாங்களேன்" என்பாள். நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். கோபத்திலும் அவள் பேச்சு பாட்டு மாதிரிதான் இருக்கும்.

நெய்வேலியை நான் குறை சொல்ல மாட்டேன். சோறு போட்ட ஊர். தண்ணீர் தட்டாத ஊர். தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது போல் நேராக இருக்கும். பிளாக் எண்ணும் குவார்ட்டர்ஸ் எண்ணும் சொன்னால் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு கண்டுபிடிக்கலாம். ஆனால் பகலெல்லாம் நேர்கோடு போட்டுவிட்டு, சாயங்காலம் நேர்கோட்டிலேயே நடந்து வீட்டுக்குப் போகிறவனுக்கு, வளைந்து போகிற ஒரு தெருவைப் பார்க்க ஆசை வருமா வராதா?

அந்த ஆசைதான் என்னைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றியது. வடலூர் தாண்டி, குறிஞ்சிப்பாடியில் நின்றால் தறிச் சத்தம் ஜன்னல் வழியாக வரும். குள்ளஞ்சாவடியில் எதிர்த்திசை பஸ் எங்களுக்கு ஒட்டினாற்போல் வந்து நிற்கும். அதன் கூரை மேல் கூடைகள் அடுக்கியிருக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் வண்டியில் இருப்பவர்கள் வேட்டி நுனியாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கருவாடு. நானும் பொத்திக்கொள்வேன்.

குண்டு விழுந்த தூரம்

வாரா வாரம் புதன்கிழமை போய்ப் போய் அந்தத் துறைமுக ஊர் எனக்குப் பழகிவிட்டது. கப்பல் அங்கே கரைக்கு வராது. தொலைவில் நிற்கும். படகுகள் போய்ச் சரக்கை இறக்கி, முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் கொண்டுவரும். காரை பெயர்ந்த பழைய கிடங்குகள், ஆளுயரத் தூண்கள், எந்த நாட்டுக்காரன் கட்டினான் என்று தெரியாத வளைவுகள். ஒரு சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வருவோம் என்று நிச்சயமில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு பழைய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. அந்தக் கோட்டையை வெள்ளைக்காரர்கள் விலைக்கு வாங்கியபோது, பீரங்கியால் சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலம் எங்களுக்கு என்று பேசிக்கொண்டார்களாம். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்துவிட்டதாம்.

இதை எங்கள் பிரிவில் செயின்மேனாக இருந்த ஏழுமலையிடம் சொன்னேன். அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடிப்பது அவர் வேலை. அந்தப் பக்கத்து மண்ணின் மனிதர். அவர் பிறந்த கிராமம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாகப் பெர்மனன்ட் ஆனவர்.

"குண்டு வுழுந்த எடத்துல வூடு இருந்திருந்தா இன்னா சார் பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. சரித்திரத்தில் அதைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை என்று சொல்லிச் சிரித்து வைத்தேன்.

மூன்று பூட்டு

வரைபவன் கை சும்மா இருக்காது. ஒரு வருஷத்துப் புதன்கிழமைகளைச் செலவழித்து, கிடங்குத் தெரு முழுவதையும் காலடியால் அளந்து ஒரு வரைபடம் போட்டேன். கட்டடங்களுக்கு ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் கொடுத்தேன். எது கயிற்றுக் கடை, எது உப்புக் கிடங்கு, எது காலி என்று ஓரத்தில் குறித்தேன்.

காலி என்பதை எப்படி முடிவு செய்தேன்? எங்கள் சர்வே ஆட்களிடம், எங்கேயும் எழுதி வைக்காத ஒரு பழக்கம் இருந்தது. சுரங்கம் வரப்போகிற இடத்தில் வீடு வீடாகப் போகும்போது ஒரு வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போக வேண்டும். அப்போதும் பூட்டென்றால் மூன்றாம் முறை. மூன்று முறையும் பூட்டு தொங்கினால் படத்தில் அந்த வீட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பெருக்கல் குறி. ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பதினேழாம் எண்ணுக்கு நான் மூன்று முறையல்ல, ஏழெட்டு முறை போயிருப்பேன். எப்போதும் பூட்டு. ஆற்றுப் பக்கம் சுவர் வேறு பிளந்து கிடந்தது. பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் 'உபயோகத்தில் இல்லை. ஆற்றுச் சுவர் உடைந்தது' என்று எழுதினேன். எதிரே கயிற்றுக் கடைக்காரர் உட்கார்ந்துதான் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுவரைக் கேட்டுப் பழகியவனுக்கு மனிதரைக் கேட்கத் தோன்றவில்லை.

அலுவலகத்தில் மீந்து போன தாளில் இரண்டு அம்மோனியா பிரிண்ட் நகல் எடுத்தேன். ஒன்றை எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டினேன். இன்னொன்றை, டீக்கடையில் பழக்கமான ஒரு நகராட்சிக் குமாஸ்தா ஆசையாகக் கேட்டார் என்று கொடுத்தேன். தொழில் புத்தி போகுமா? மூலையில் கட்டம் கட்டி, என் பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் போட்டுத்தான் கொடுத்தேன்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் கரையோரம் எங்கோ ஒரு பழைய சுவர் சரிந்தது. ஆளில்லாத கட்டடங்களைப் பட்டியல் எடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. குமாஸ்தா தம் மேசை இழுப்பறையைத் திறந்தார். என் படம் தயாராக இருந்தது.

முன்னறையில் அழுதவள்

நோட்டீஸ் பார்த்த அடுத்த புதன்கிழமையும் நான் கடலூருக்குத்தான் போனேன். சாயங்காலம் வீடு திரும்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். கோமதி தட்டில் ரசமும் அப்பளமும் வைத்தாள். புதன்கிழமை என்றால் எங்கள் வீட்டில் ராத்திரிக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்புதான். பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிற ஆசாமி அந்தக் குழம்புக்கு மூன்று தரம் சோறு வாங்குவான்.

"கருவாட்டுக்காரி வரலையா?"

"வந்தா. இங்கனதான் உக்காந்து அழுதுட்டுப் போறா."

அஞ்சலாட்சி என்ற பெயரைக் கோமதி சொல்லிக் கேட்டிருக்கிறேனே தவிர அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. நாலு வருஷமாகப் புதன்தோறும் காலை பத்தரைக்கு எங்கள் பிளாக்குக்குக் கூடையோடு வருகிறவள். என் பஸ் எட்டு மணிக்கே கிளம்பிவிடும்.

கோமதி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆத்தங்கரையில ஒரு கிடங்கு பிடிச்சு நாலு பொம்பளைங்க கருவாடு போடுதாகளாம். அதை இடிக்கப் போறோம்னு காகிதம் ஒட்டிட்டானாம். ஆபீசுல போய்க் கேட்டதுக்கு, காலியாக் கெடக்குன்னு எவனோ ஒரு படுபாவி படம் வரைஞ்சு குடுத்திருக்கான்னாகளாம். நான் என்ன சொல்லுவேன்? அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துதான் அவ அழுதா."

நான் சுவரைப் பார்த்தேன். படம் நேராகத்தான் தொங்கியது.

"உங்க பேரு படிக்க அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றாள். பிறகு தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாலு பேரும் வாரம் முழுக்க அந்தக் கிடங்கில் மீன் கீறி, உப்புப் போட்டு, காய வைப்பார்களாம். புதன் மட்டும் விற்கிற நாள். ஒருத்தி குறிஞ்சிப்பாடி, ஒருத்தி மேல்பட்டாம்பாக்கம், ஒருத்தி பண்ருட்டி, அஞ்சலாட்சி நெய்வேலி. அன்றைக்குக் கிடங்கைப் பூட்டாமல் வேறென்ன செய்வார்கள்? நான் அவள் ஊரை ஆராயப் போன ஒவ்வொரு புதனும் அவள் என் ஊருக்கு வந்துகொண்டிருந்தாள். குள்ளஞ்சாவடியில் ஒட்டி நின்ற பஸ்ஸின் கூரையில் இருந்தது எங்கள் வீட்டுக் குழம்பு.

மறுநாள் ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏழெட்டு வாட்டி போனீங்க, சரி. எல்லாம் ஒரே கெழமையில போனா ஒரு வாட்டி போன மாதிரிதான சார்?"

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "எங்க வூட்டுக்குப் பூட்டே கெடையாது சார். காலி பண்ணின அன்னிக்குத்தான் எங்கப்பா மொத மொதல்ல ஒரு பூட்டு வாங்கியாந்தாரு. இடிக்கப் போற வூட்டுக்கு எதுக்குப் பூட்டுன்னு கேட்டேன். சும்மா வுட்டுட்டுப் போவ மனசு வரலடான்னாரு."

பிறகு அவரே கேட்டார். "எப்பப் போறீங்க?"

"நாளைக்கு. சி.எல். போட்டிருக்கேன். தனியாப் போக பயமா இருக்கு, ஏழுமலை."

வெள்ளிக்கிழமை அவருடைய ஆஃப். அன்றைக்குக் கூரை மாற்ற ஆள் சொல்லி, கீற்றும் வாங்கிப் போட்டிருந்தார். மழைக்காலம் முடிந்தபாடில்லை. "கூரை எங்க சார் ஓடிப்போவுது? சங்கிலிய எடுத்துகினு வர்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைத் துறைமுகம்

வெள்ளிக்கிழமையில் அந்தத் தெருவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பச்சைக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. வாசலில் பாய்களில் வாளையும் நெத்திலியும் வெள்ளி மாதிரி காய்ந்தன. உள்ளே உப்புத் தொட்டிகள். இரண்டு பெண்கள் அரிவாள்மனையில் மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காக்கையை விரட்டிக்கொண்டு நின்றாள். உடைந்தது என்று நான் குறித்த ஆற்றுப் பக்கச் சுவருக்கு உட்புறம், புதுச் செங்கல்லில் இன்னொரு சுவர் எழுப்பியிருந்தார்கள். வெளியே நின்று பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தொட்டியருகில் நிமிர்ந்து, "இன்னா வோணும்?" என்றாள். அவள்தான் அஞ்சலாட்சி.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்ல மாட்டார் என்று புரிந்தது.

"அந்தப் படத்தை வரைஞ்சது நான்தாம்மா" என்றேன். "புதன்கிழமை மட்டும் வந்து பார்த்துட்டு, பூட்டியிருக்கேன்னு காலின்னு எழுதிட்டேன். நெய்வேலியில நீங்க கருவாடு குடுக்கறீங்களே கோமதி, அவங்க வீட்டுக்காரன்."

மீன் கீறுகிற சத்தம் நின்றது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"நாலு வருசமா ஒன் வூட்டு வாசல்ல வந்து குந்துறேன்" என்றாள் நிதானமாக. "ஒரு புதங்கெழமை கூட ஆம்பள மொகம் பாத்தது இல்ல. அந்த அம்மாவுக்கு வூட்டுக்காரரு இல்லன்னு நான் எங்கனா போயி எழுதிக் குடுத்தனா?"

மற்ற பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ஏழுமலை சங்கிலிப் பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. என் ஆயுளில் என்னை அவ்வளவு சரியாக அளந்து சொன்னவர் வேறு யாருமில்லை.

"இல்லம்மா. நீங்க எழுதலை" என்றேன்.

"அப்ப போயி மாத்தி எழுதிக் குடு."

நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம்; அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "கையெழுத்துப் போட்ட படம் சார் இது. வாய் வார்த்தையை வச்சு நான் எப்படி மாத்தறது? புதுசா அளந்து ஒண்ணு குடுங்க. முதல் படம் தப்புன்னும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பதவியையும் போடுங்க" என்றார்.

பதவி என்றதும் தயங்கினேன். அலுவலகத் தாளில் சொந்தப் படம் அச்சடித்தது எங்கள் மேலதிகாரி காதுக்குப் போனால் மெமோ நிச்சயம். பதவி உயர்வுப் பட்டியல் வேறு வரவேண்டிய சமயம். பேனாவை மூடித் திறந்தேன். அப்புறம் எழுதினேன்.

மத்தியானம் முழுக்க அந்தக் கிடங்கை உள்ளும் புறமும் அளந்தோம். இந்த முறை காலடி இல்லை, சங்கிலி. ஒரு முனை ஏழுமலை, மறுமுனை அஞ்சலாட்சி. "நல்லா இழுத்துப் புடிங்க ஆயா, தொய்ஞ்சிடப் போவுது" என்று அவர் சொல்ல, "யாருக்கு யாருடா ஆயா? ஒன்ன வுட எனக்கு வயசு கம்மி" என்று அவள் சீற, சங்கிலி தொய்ந்துதான் போயிற்று. உப்புத் தொட்டியின் மேல் பலகை வைத்து அங்கேயே படத்தை முடித்தேன். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்துவிட்டோம். அதிகாரி திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இடிப்பதை நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி நெய்வேலியில் மழை. ஏழுமலையின் பழைய கூரை ஒழுகியிருக்கும். மறுநாள் கேட்டதற்கு, "ரெண்டு குண்டான் வச்சோம் சார், ரொம்பிப் போச்சி" என்றதோடு சரி.

ஓரத்தில் ஒரு வீடு

அடுத்த புதன் பதினைந்தாம் நாள். நான் எங்கேயும் போகவில்லை.

புதன்கிழமை எங்கள் பிளாக் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பதரைக்குக் கோலமாவுக்காரர் வருகிறார். பக்கத்து வீட்டு அம்மாள் தையல் மிஷினைத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. கோமதி இரண்டு தரம் வாசலுக்குப் போய் வந்தாள். பத்தே முக்காலுக்கு நான் ஜன்னலோரம் போய் நின்றேன். இடித்திருந்தால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

"கருவாடேய்" என்று தெருமுனையில் குரல் கேட்டது.

நான்தான் கதவைத் திறந்தேன். அஞ்சலாட்சி கூடையை இறக்காமலே எட்டிப் பார்த்து, "கோமதியம்மா, ஒனக்கு வூட்டுக்காரரு இருக்காரு போல இருக்குதே" என்று சத்தம் போட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். அதிகாரி திங்கட்கிழமை வந்து, உள்சுவரைத் தட்டிப் பார்த்து, போகும்போது கால் கிலோ வஞ்சிரக் கருவாடும் வாங்கிக்கொண்டு போனாராம். எனக்கும் பெரிய சேதமில்லை. மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மெமோ வரவில்லை. பதவி உயர்வு மட்டும் அந்த வருஷம் வராமல் அடுத்த வருஷம் வந்தது.

அவள் முன்னறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இதுல எங்க எடம் எது?" என்று கேட்டாள். காட்டினேன். பெருக்கல் குறியையும் ஓரத்து வாசகத்தையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, 'அஞ்சலாட்சி முதலான நால்வர். கருவாட்டுக் கிடங்கு. புதன் மட்டும் பூட்டியிருக்கும்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"இத நான் எடுத்துகினு போவட்டா? கெடங்குல மாட்டி வச்சா அடுத்தாப்ல எவனாவது வந்தா காட்டலாம்."

கழற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"ஒன் வூட்டையும் இதுல போடு."

"இது உங்க ஊர்ப் படம்மா. நெய்வேலி இதுல வராது. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால இருக்கு."

"நான் அங்கேர்ந்து இங்க வரலயா? எங்க கருவாடு வர்ற வூடுதான? போடு."

சர்வே விதிப்படி தப்பு. அளவுப்படி மகா தப்பு. ஆனாலும் மேற்கு ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, அதன் நுனியில் சின்னதாக ஒரு சதுரம் வரைந்தேன். பிளாக் எண் எழுதவில்லை. 'கோமதி வீடு' என்று எழுதினேன்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டோம். அங்கே இருந்த காலத்தில் சுரங்கத்துக்காக நூற்றுக்கணக்கில் படம் வரைந்திருக்கிறேன். எத்தனையோ பேருடைய வீடுகளை அவற்றில் குறித்திருக்கிறேன், பெருக்கல் குறியும் போட்டிருக்கிறேன். நான் குடியிருந்த வீடு இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். அதை ஆற்றங்கரையில் ஒரு கருவாட்டுக் கிடங்கில், உப்புத் தொட்டிக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்கள்.